உழவு படாத முப்பத்தேழு ஏக்கர் இருபது செண்ட்

02.07.2014. புல் குத்தகை, முதல் வருடம். ஏக்கருக்கு ரூ. 60 வீதம், 38 ஏக்கர் 40 செண்டுக்கு ரூ. 2,304.
07.07.2017. புல் குத்தகை, நான்காம் வருடம். ரூ. 2,304.
14.10.2017. டிராக்டர் உழவு, சட்டிக்கலப்பை, இரண்டு மணி நேரம். ரூ. 1,400.
14.10.2017. சோள விதை, 12 கிலோ. ரூ. 420.
03.07.2019. குத்தகை புதுப்பித்தது. ஏக்கருக்கு ரூ. 75 வீதம் ரூ. 2,880.
30.06.2024. குத்தகைக் காலம் முடிந்தது. பாக்கி இல்லை.
12.08.2024. உழவுக் குத்தகை கேட்டு ராஜகுரு மனு. ஏக்கருக்கு ரூ. 2,500 வீதம் ரூ. 96,000.

இவற்றில் ரசீதோ காகிதமோ இல்லாமல் குருவம்மாளின் நினைவில் மட்டும் நிற்பவை நடுவில் உள்ள இரண்டு வரிகள். அக்டோபர் பதினான்கு, சனிக்கிழமை. அன்று உழுதது ஒரு ஏக்கர் இருபது செண்ட். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சாத்தனேரிப்பட்டி திருச்சுழிக்கும் வீரசோழனுக்கும் இடையில், பஸ் ரோட்டிலிருந்து இரண்டே கால் கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கண்மாயைத் தாண்டிக் கிழக்கே போனால் மேய்ச்சல் தரிசு. ஊரில் நாற்பது ஏக்கர் என்பார்கள். ஆபீஸ் கணக்கில் முப்பத்தெட்டு ஏக்கர் நாற்பது செண்ட். சர்வே கற்கள் பதினொன்று. ஒன்பது இப்போதும் நிற்கின்றன. அரசாங்க நிலம், பட்டா யாருக்கும் கிடையாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தாலுகா ஆபீஸில் புல் குத்தகைக்கு விடுவார்கள். 2014 முதல் பத்து வருடம் அந்தக் குத்தகை குருவம்மாள் பேரில் இருந்தது.

பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கு அது பொட்டல்காடு. கிட்டப் போய்க் குனிந்தால்தான் கொழுக்கட்டைப் புல் தூர் தூராக நிற்பது தெரியும். பூனை வால் போல மெத்தென்ற கதிர். இடையிடையே ஊசிப்புல், மேட்டுப் பக்கம் வாசனை அடிக்கும் காவட்டம்புல். ஐப்பசி மழை விழுந்து எட்டாம் நாள் அத்தனையும் பச்சையாகும். பங்குனியில் பழுப்பாகும். பழுத்த பிறகும் தூர் சாகாது. இரண்டு முழ ஆழத்துக்கு வேரை இறக்கிக்கொண்டு அடுத்த மழை வரை பேசாமல் கிடக்கும்.

குருவம்மாள் பாலவனத்தம் பக்கத்தில் 1973 பங்குனியில் பிறந்தவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு வரை. 1993இல் உக்கிரபாண்டியைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தார். கூடவே பிறந்த வீட்டிலிருந்து நாலு பெட்டை ஆடுகளும் வந்தன. வெள்ளை உடம்பில் செம்புள்ளி விழுந்த பொட்டு ஆடுகள். உக்கிரபாண்டிக்குச் சொந்தமாக எழுபது செண்ட் மானாவாரி. பிழைப்பு அருப்புக்கோட்டை நூல் மில்லில். ஆடு முழுக்கக் குருவம்மாள் பொறுப்பு. நாலு, 2014இல் ஐம்பத்தெட்டு ஆகியிருந்தது.

குத்தகை கைக்கு வந்ததும் அவர் முதலில் செய்த காரியம், தரிசை நாலு வகிராகப் பிரித்தது. வேலி கிடையாது, கல்லை அடுக்கி அடையாளம் வைத்தார். ஒரு வகிரில் ஆடு மேய்ந்தால் மற்ற மூன்றும் ஓய்வில் கிடக்க வேண்டும். கதிர் முற்றி விதை உதிரும்வரை அந்த வகிருக்குள் ஒரு குட்டியும் கால் வைக்கக் கூடாது. ஊரில் ஆடு வைத்திருந்த மற்ற எட்டு வீட்டுக்காரர்களையும் உள்ளே விட்டார். அவர்களிடம் காசு வாங்கவில்லை. முறை தப்பி ஆட்டை விட்டவருக்கு மட்டும் ஒரு தண்டனை உண்டு. இருபது சீமைக்கருவேல் கன்றை வேரோடு பிடுங்கிக் காட்ட வேண்டும். கிள்ளிப் போட்டால் கணக்கில் சேராது. வேர் வரவேண்டும்.

ராஜகுருவும் ஒருமுறை பிடுங்கியிருக்கிறார். உக்கிரபாண்டிக்குப் பங்காளி வகையில் தம்பி, குருவம்மாளுக்குக் கொழுந்தன். டிராக்டர் வைத்து ஊரூராக உழவு ஓட்டுகிறவர். அவர் வீட்டு ஆறு ஆடுகள் வடக்கு வகிருக்குள் புகுந்துவிட்டன.

"மதினி, டிராக்டர் ஓட்டுற கையி இது. இத முள்ளுப் புடுங்க விடுறீகளே."

"பன்னெண்டுதான் ஆச்சு கொழுந்தனாரே. பேச்ச விட்டுட்டுப் புடுங்கும்."

2016இல் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் பொய்த்தன. 2017 ஆடிவரை ஊரில் சொட்டு இல்லை. சுற்று வட்டாரத்தில் ஆடுகளை லோடு ஏற்றி வந்த விலைக்கு விற்றார்கள். வைத்திருந்தவர்கள் பாதிக்கு மேல் சாகக் கொடுத்தார்கள். சாத்தனேரிப்பட்டியின் ஒன்பது வீட்டு ஆடுகள் நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் செத்தவை இருபத்தாறு. குருவம்மாளுடையவை நாலு. மீதி அத்தனையும் அந்தக் காய்ந்த புல்லைக் கடித்துக்கொண்டுதான் ஆடியைத் தாண்டின.

அதே வருடம் செப்டம்பரில்தான் கிராம நிர்வாக அலுவலர் சௌந்தர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பத்துக்காரர்; வீட்டில் தெலுங்கு, வெளியில் நிதானமான தமிழ். கையில் ஒரு நோட்டீஸ்.

"ஏம்மா, உங்க சர்வே நம்பர், மூணு பசலியாத் தரிசுன்னு இருக்கு. மூணாம் ஷரத்தப் படிச்சீங்களா? தொடர்ந்து மூணு பசலி தரிசாப் போட்டா குத்தகை ரத்து."

"இம்புட்டுப் புல்லு நிக்குது, தரிசுன்னா எழுதுனீக?"

"நான் என்னம்மா பண்றது? அடங்கல்ல பயிர் பேரு கேக்குறாங்க. புல்லுன்னு ஒரு பயிர் அதுல கெடையாது."

எந்த நிலத்தில் இந்த வருடம் என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிற பதிவேடு அடங்கல். வருடம் அதில் ஜூலையில் தொடங்கும். அதற்குப் பசலி என்று பெயர். நெல், சோளம், பருத்தி, மிளகாய் எல்லாம் அதில் உண்டு. விதைக்காமல் விளைவதற்கு இடம் இல்லை.

"ஒரு ஓரமா உழுது ஏதாவது தூவி வைங்க. சோளம்னு எழுதிக்கிறேன். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றார் சௌந்தர். அவர் அதற்குக் கையில் எதுவும் வாங்கவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டுக் குடித்தார்.

குருவம்மாள் ஏழாம் ஷரத்தையும் படித்தவர்தான். 'நிலத்தை உழவோ, அதன் தன்மையை மாற்றவோ கூடாது.' மூன்றாம் ஷரத்துக்குப் பயந்து ஏழாம் ஷரத்தை மீறினார். மழை பெய்து பதம் இருந்த ஒரு காலையில் ராஜகுருவின் டிராக்டர் வந்து தென்மேற்கு மூலையில் இறங்கியது. சட்டிக்கலப்பை தூர்களைப் புரட்டிப்போட்டபோது வேர்கள் வெள்ளையாக வானத்தைப் பார்த்துக் கிடந்தன. இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

"வண்டி சூடாத்தான் இருக்கு மதினி. சொன்னீகன்னா முழுசையும் பொரட்டிப் போட்டுட்டுப் போறேன்."

"நீரு கெளம்பும் சாமி. இந்த மூலையே சாஸ்தி."

சோளம் முழங்கால் உயரம் வந்தது. தை மாதம் ஆடுகள் தின்றன. 2018 ஜூன் ஜமாபந்தியில் கணக்கு முடிந்தது, குத்தகை பிழைத்தது. சௌந்தர் வழியில் பார்த்து, "முழு நம்பருக்கும் சோளம்னு எழுதிட்டேன்மா. இனி உங்களுக்குத் தொந்தரவு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். குருவம்மாள் அன்று அதை நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டார்.

அந்த ஒரு ஏக்கர் இருபது செண்டில் அடுத்த மழைக்குப் புல் வரும் என்று நினைத்தார். நெருஞ்சி வந்தது. அதற்கடுத்த மழைக்குப் பார்த்தீனியம். விதை தின்ற ஆடுகளை இரவில் அங்கே கிடை போட்டு அடைத்தால் புழுக்கையோடு விதையும் விழுமே என்று ஒரு மாதம் போட்டுப் பார்த்தார். எரு விழுந்த இடத்தில் நெருஞ்சிதான் இன்னும் கொழுத்தது. பிறகு அந்த வழியை விட்டார். தை மாதத்தில் முற்றிய கதிரைக் கையால் உருவிப் பையில் சேர்த்து, மழைக்கு முந்தின வாரம் தூவி, அதன் மேல் ஆடுகளை ஒருமுறை மட்டும் நடத்தினார். குளம்பு அழுத்திய குழியில் விதை தங்கும் என்பது அவர் எண்ணம். 2018, 2019, 2020 மூன்று வருடமும் ஒரு தூர்கூட இல்லை. 2021இல் இரண்டு. 2022இல் மூன்று, அதில் ஒன்று பட்டுப்போனது. 2023இல் ஏழு. 2024இல் பதினொன்று. எஞ்சிய முப்பத்தேழு ஏக்கர் இருபது செண்டில் எத்தனை தூர் என்று எண்ண முடியாது. இங்கே ஏழு வருட உழைப்புக்குப் பதினொன்று.

2024 ஜூனில் குத்தகைக் காலம் முடிந்தது. புதுப்பிக்க மனுக் கொடுத்துவிட்டுக் குருவம்மாள் பதிலுக்குக் காத்திருந்தார். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய நாளிலிருந்து எங்கெங்கோ உள்ள நிலத்துக்கும் விலை ஏறியிருந்தது. கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் நல்ல விலை போனது. ராஜகுரு அங்குமிங்கும் இருபத்திரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து மக்காச்சோளம் போட்டிருந்தார். இரண்டாவது டிராக்டரை லோனில் எடுத்திருந்தார். அவருக்கு இன்னும் நிலம் வேண்டியிருந்தது.

செப்டம்பர் இரண்டாம் தேதி ஊராட்சி ஆபீஸ் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். குருவம்மாள் எழுத்துக்கூட்டி மூன்று தடவை வாசித்தார். 'கடந்த ஏழு பசலிகளாகச் சோளம் சாகுபடி செய்யப்பட்டுவரும் நிலம் என்பதால், மேய்ச்சல் வகையிலிருந்து நீக்கி உழவுக் குத்தகைக்கு வழங்க உத்தேசம். மனுதாரர் ராஜகுரு. ஆட்சேபணை இருப்போர் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம்.'

ஒரு வருடம், ஒரு மூலை என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஏழு வருடம், முப்பத்தெட்டு ஏக்கர் நாற்பது செண்ட் என்று காகிதத்தில் இருந்தது.

மறுநாள் கண்மாய்க் கரையில் ராஜகுரு எதிர்ப்பட்டார்.

"மதினி, கோவிச்சுக்கிறாதீக. ஆபீஸ்ல உள்ளதத்தான் நான் மனுவுல எழுதுனேன்."

"ஏழு வருசமாச் சோளம் வெதச்சேன்னா, அம்புட்டுச் சோளத்தையும் தின்னது யாரு? நீரு தின்னீரா?"

"ஒங்க ஆடு தின்னுருக்கும். அதான் மதமதன்னு இருக்கு."

"வெளையாட்டுக்குப் பேசல கொழுந்தனாரே. உழுதா அது திரும்பாது."

ராஜகுரு வண்டியை அணைத்தார். "மதினி, நானும் வெளையாட்டுக்குப் பேசல. மாசம் பதினெட்டாயிரம் லோனு கட்டுறேன். இந்த நெலத்த நான் உழுதா பதினஞ்சு பேருக்கு வேலை. ஒங்க புல்லு எத்தன பேருக்குச் சம்பளம் குடுக்குது?"

"ஒம்பது வீட்டுக்கு."

"அவுகள்ள நாலு பேரு எங்கிட்ட ஆள் வேலைக்கு வாரேன்னு சொல்லிட்டாக" என்று சொல்லிவிட்டுப் போனார். அது உண்மை. குருவம்மாளுக்கும் தெரியும்.

வீட்டில் உக்கிரபாண்டி வேறு யோசனை சொன்னார். "இந்தா, நீயும் உழவுக் குத்தகைக்கே மனுப் போடு. பழைய குத்தகைக்காரிக்குத்தான் மொத உரிமை. வாங்கிப்புட்டு உழாம வச்சுக்க."

"வருசம் தொண்ணூத்தாறாயிரம் யாரு கட்டுறது? உங்க மில்லா கட்டும்?"

"அப்பச் சும்மா இரு. பக்கத்து ஊர்ல பதினெட்டு ஏக்கர் புல்லுக் குத்தகைக்கு வருதாம். அதக் கேப்போம். நீ போயி நான் ஒரு மூலையத்தான் உழுதேன்னு சொன்னா ஏழாம் ஷரத்துல மாட்டுவ. அபராதம் போடுவாக. அஞ்சு வருசத்துக்கு ஒரு குத்தகையும் தர மாட்டாக. ரெண்டும் போயிரும்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. பேசாமல் இருந்தால் குருவம்மாளுக்குப் பதினெட்டு ஏக்கர் கிடைக்கும். முப்பத்தெட்டு ஏக்கர் கார்த்திகைக்குள் உழவாகிவிடும். பேசினால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. புல் ஒருவேளை நிற்கும். அந்த வாரம் முழுதும் அவர் ஆட்டை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓட்டிக்கொண்டு போனார்.

செப்டம்பர் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறிச் சௌந்தர் வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தார். சௌந்தர் இப்போது வேறு தாலுகாவில் வருவாய் ஆய்வாளர்; அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் பேர் இருந்தது. அவர் மனைவி தேவிபிரியா காபி கொடுத்து உட்காரச் சொன்னார். பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் விடாமல் கேட்டது. கொஞ்சம் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது.

"சார், நான் புதன்கெழம தாலுகா ஆபீஸ்ல உள்ளதச் சொல்லப் போறேன். உங்க பேரும் அதுல வரும். உங்களுக்குத் தெரியாமச் செய்யக் கூடாதுன்னு வந்தேன்."

தேவிபிரியா தெலுங்கில் வேகமாக ஏதோ சொன்னார். சௌந்தர் அதற்கு இரண்டே வார்த்தையில் பதில் சொன்னார். குருவம்மாளுக்குத் தெலுங்கு தெரியாது. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த அம்மாளின் முகத்திலேயே எல்லாம் இருந்தது.

"ஒரு ஏக்கர்னு எழுதியிருக்கணும். உங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சு முழுசுக்கும் எழுதினேன். மறு வருஷம் போன வருஷத்தப் பாத்து எழுதினேன். எனக்குப் பின்னால வந்தவரு என்னப் பாத்து எழுதியிருப்பாரு."

"நான் உங்களக் குத்தஞ் சொல்லல சார். உழுதவ நாந்தான்."

"நீங்க சொல்லாட்டியும் பேப்பர் சொல்லும்." சௌந்தர் டம்ளரைக் கீழே வைத்தார். "போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். ஏழு வருஷ எழுத்து ஒரு பக்கம். உங்க வாய்ச்சொல் ஒரு பக்கம். ஆபீஸ்ல எதும்மா நிக்கும்?"

குருவம்மாள் காபிக்கு நன்றி சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

பஸ்ஸில் முன் இருக்கையில் ஒரு பெரியவர். நடு மண்டை பளபளவென்று வழுக்கை. சுற்றிலும் வட்டமாக முடி. திருச்சுழி தாண்டும்வரை குருவம்மாள் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். கொழுக்கட்டைப் புல் தூரும் அப்படித்தான். இளந்தூர் நடுவில் அடர்ந்திருக்கும். வருடம் ஏற ஏற நடுப்பகுதி பட்டு மண் தெரியும். புல் வெளிப்பக்கமாக வளையம் கட்டும். ஒரு சாண் வளையத்துக்குப் பத்து வருடமாவது வேண்டும். அவர் தரிசில் சொளகு அகலத்துக்கு வழுக்கை விழுந்த தூர்கள் இருந்தன. அவர் மருமகளாக வந்த காலத்திலிருந்தே நிற்பவை. கலப்பை ஒருமுறை ஏறியிருந்தாலும் அவற்றில் ஒன்றுகூட இருக்காது.

புதன்கிழமை தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் பாதியில் பேனாவை நிறுத்திவிட்டார்.

"ஏந்தாயி, இருபத்தேழு வருசமா எழுதுறேன். அடுத்தவன் மேல எழுதச் சொல்லித்தான் வருவாக. நீங்க உங்க மேலயே எழுதச் சொல்றீக."

"எழுதுங்கண்ணே. ஒரு ஏக்கர் இருபது செண்ட். பதினாலு பத்து ரெண்டாயிரத்துப் பதினேழு. தேதி தப்பாமப் போடுங்க."

வட்டாட்சியர் பிரவீணா முப்பத்தைந்து வயதுக்காரர். மனுவைப் படித்துவிட்டு, "இது உங்களுக்கே பாதகம்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றதும் முத்திரை போட்டு வாங்கிக்கொண்டார். மழைக்காக இரண்டு முறை தள்ளிப்போன பிறகு, நவம்பர் இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகாலுக்கு நிலத்துக்கு வந்தார். கூடச் சர்வேயர். ஊரில் பாதிப் பேர் கரையில் நின்றார்கள். ராஜகுரு வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். முதல் மழை முடிந்து தரிசு முழுக்கப் பச்சை, கௌதாரி கத்திக்கொண்டிருந்தது.

"நீங்களே எடம் காட்டுங்கம்மா" என்றார் குருவம்மாள். "நான் காட்டுனா நல்ல எடமாப் பாத்துக் காட்டுனதா ஆயிரும்."

வட்டாட்சியர் காட்டிய இடத்தில் எல்லாம் சர்வேயர் பத்தடிக்குப் பத்தடி கயிறு பிடித்தார். குருவம்மாள் உள்ளே குனிந்து வழுக்கை விழுந்த தூரைத் தொட்டுக் காட்ட, சர்வேயர் எண்ணி எழுதினார். ஏழு இடம். ஆறு, ஒன்பது, நான்கு, ஏழு, ஏழு, பதினொன்று, ஐந்து. அகலமான வளையம் இரண்டு அடி மூன்று அங்குலம்.

"மேடம், புல்லு ஒரு மழைக்கு மொளைச்சிரும். இத வச்சு எப்பிடிச் சொல்றது?" என்றார் ராஜகுரு.

"புல்லு மொளைக்கும் கொழுந்தனாரே. வழுக்க விழத்தான் வருசம் ஆகும். ஒமக்கு எத்தன வருசம் ஆச்சு?"

கரையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ராஜகுருவின் கை தன்னால் தலைக்குப் போனது. சர்வேயர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்துக் குருவம்மாள் யாரும் கேட்காமலே தென்மேற்கு மூலைக்கு நடந்தார். அங்கே ஒரு கோடு இருந்தது. சர்வே அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி நேர்கோடு. இந்தப் பக்கம் இடுப்பளவு புல். அந்தப் பக்கம் தரையோடு நெருஞ்சி, நடுநடுவே சீமைக்கருவேல் கன்று. கயிறு பிடித்த மூன்று இடத்திலும் வழுக்கைத் தூர் பூஜ்யம்.

"இது யார் உழுதது?"

"நாந்தாம்மா உழச் சொன்னேன். ஏழு வருசமாச்சு. பதினோரு தூரு வந்துருக்கு. எல்லாம் சின்னது." அவர் ஒவ்வொன்றாகப் போய்க் காட்டினார். பதினோராவதைக் காட்டும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. இத்தனை பேருக்கு முன்னால் தன் தவறின் நீள அகலத்தைத் தானே நடந்து காட்டுவது சுலபமான வேலை இல்லை. அவர் நாலு மூலையையும் நடந்து காட்டினார்.

வட்டாட்சியர் திரும்பினார். "வண்டி யாரோடது?"

ராஜகுரு ஒரு அடி முன்னால் வந்தார். "என்னோடது மேடம்."

"அன்னைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டினீங்க?"

இல்லை, நினைவில்லை, ஒரு வாரம் ஓட்டினேன் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் முப்பத்தெட்டு ஏக்கரும் அவருக்குத்தான். ராஜகுரு தரையைப் பார்த்தார். மதினியைப் பார்த்தார்.

"ரெண்டு மணி நேரம் மேடம்."

"ரெண்டு மணி நேரத்துல முப்பத்தெட்டு ஏக்கர் ஓட்ட முடியுமா?"

"ஒன்னேகா ஏக்கர் ஓடும். அதுக்கு மேல எந்த வண்டியும் ஓடாது." பிறகு யாரிடம் என்று இல்லாமல் சொன்னார்: "மிச்சத்தையும் ஓட்டுறேன்னு அன்னைக்கே கேட்டேன். மதினி தொரத்தி விட்டுட்டாக."

சர்வேயர் அதையும் எழுதினார். குருவம்மாளும் ராஜகுருவும் கையெழுத்துப் போட்டார்கள். ஜீப் போன பிறகு குருவம்மாள், "கொழுந்தனாரே, வீட்டுல மோர் இருக்கு, குடிச்சிட்டுப் போம்" என்றார். "வேண்டாம் மதினி, நான் கோவமா இருக்கேன்" என்றார் ராஜகுரு. ஆனால் மோர் குடித்துவிட்டுத்தான் போனார்.

அதன் பிறகு எட்டு வாரம். டிசம்பர் மழை கூடுதலாகவே பெய்தது. ஆபீஸிலிருந்து தகவல் இல்லை. ராஜகுருவின் டிராக்டர் கண்மாய் வழியே போகும்போதெல்லாம் குருவம்மாள் நிமிர்ந்து, அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பார். அது வேறு பக்கம் திரும்பியதும் குனிந்து வேலையைத் தொடர்வார். குத்தகை கையில் இல்லாவிட்டாலும் வகிர் முறையை அவர் விடவில்லை. மார்கழியில் இரண்டு பேர் முறை தப்பினார்கள். இரண்டு பேரும் இருபது இருபது கன்று பிடுங்கினார்கள். பக்கத்து ஊர்ப் பதினெட்டு ஏக்கர் ஜனவரி ஆறாம் தேதி வேறொருவருக்குப் போய்விட்டது. உக்கிரபாண்டி அதைச் சொன்னபோது, "சரி" என்றார் குருவம்மாள்.

பதிவுத் தபாலில் உத்தரவு வந்தது. குருவம்மாள் கையெழுத்துப் போட்டு வாங்கி, அங்கேயே பிரித்தார். எழுத்து பொடியாக இருந்ததால் உக்கிரபாண்டி கண்ணாடி போட்டு வாசித்தார். நாலு பத்தி.

ஒன்று: பசலி 1427 முதல் 1433 வரை உள்ள சோளப் பதிவு தவறு என்று தெரிவதால் ரத்து செய்யப்படுகிறது, பதிவு செய்த அலுவலர்களிடம் தனியே விளக்கம் கேட்கப்படும். இரண்டு: நிலம் மேய்ச்சல் நிலமாகவே தொடரும், இனி யார் குத்தகை எடுத்தாலும் எந்தப் பகுதியையும் உழ அனுமதி இல்லை, அடங்கலில் 'இயற்கைப் புல், உழவு படாதது' என்று குறிப்பு எழுதப்படும். மூன்று: ராஜகுருவின் மனு நிராகரிக்கப்படுகிறது. நான்கு: ஒரு ஏக்கர் இருபது செண்டை உழுது ஏழாம் ஷரத்தை மீறியதால் குருவம்மாளுக்கு ரூ. 5,000 அபராதம், ஐந்து வருடத்துக்கு அரசு நிலம் எதையும் குத்தகைக்கு எடுக்கத் தகுதி இல்லை. ஊரார் என்ற முறையில் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி ஆடு மேய்த்துக்கொள்ளத் தடையில்லை.

உக்கிரபாண்டி கண்ணாடியைக் கழற்றினார். "நாலாவதப் பாத்தியா? அஞ்சு வருசம்."

"பாத்தேன். ரெண்டாவத இன்னொருக்க வாசிங்க."

வாசித்தார்.

"உழ அனுமதி இல்லைங்கிறது, எந்தப் பகுதியையும்னுதான போட்டுருக்கு? அந்த மூலையையும் சேத்துத்தான?"

"எந்தப் பகுதியையும்னா எல்லாந்தான்."

குருவம்மாள் காகிதத்தை வாங்கி அந்தப் பத்தியைத் தானே ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு மடித்து, பழைய ரசீதுகள் இருந்த பிளாஸ்டிக் உறையில் வைத்தார். அபராதத்துக்கு எந்தக் கிடாயை விற்பது என்று உக்கிரபாண்டி கேட்டதற்கு, விற்கிற வயதுக்கு இரண்டு பல் போட்டது எது என்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். வடக்கு வகிரில் கதிர் முற்றி விதை உதிர்ந்துகொண்டிருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தார்.

உத்தரவில் போட்டிருந்த தேதி 13.01.2025. தபால்காரர் ஒப்புகைச் சீட்டில் எழுதிய தேதி, அதாவது கடிதம் சாத்தனேரிப்பட்டிக்கு வந்து சேர்ந்த தேதி, 21.01.2025, செவ்வாய்க்கிழமை.